பயணத்தின் நோக்கம்: சுற்றிப் பார்த்தல்

நாற்பது லிட்டர் கொள்ளும் முதுகுப் பை ஒன்றை வாங்கி வந்து நடுவீட்டில் வைத்தேன். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "வெறும் பையே இம்மாங் கனம் கனக்குதே" என்றாள். நான்கு மாதம், மலேசியாவில் தொடங்கி தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று தரை வழியாகவே போய்விட்டுத் திரும்பப் போகிறேன், தனியாகத்தான் போகிறேன் என்று சொன்னேன்.

"யாரு கூட்டிட்டுப் போறா?"

"யாரும் இல்லம்மா. நானேதான்."

"அங்க போனா யாரு ஒன்ன வீட்டுக்குள்ள எடுத்துக்குவா?"

"வாடகைக்கு எடம் கெடைக்கும்மா."

"சரி, என்ன வேல?"

"வேலைக்குப் போகல. சுத்திப் பாக்கத்தான்."

அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வேல இல்லாம எதுக்குப் பாப்பா அம்புட்டுத் தொலவு?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அம்மாவுக்கு உலகம் தெரியவில்லை என்று சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாமான் லிஸ்ட் எழுத உட்காரும் போதெல்லாம் அந்த மூன்று கேள்விகளும்தான் முன்னால் வந்து நின்றன. யார் கூட்டிப் போவது? யார் உள்ளே விடுவது? வேலை இல்லாமல் எதற்கு? வெளிநாடு என்று ஒன்று நம் தெருவுக்கு எப்படி வந்து சேர்ந்ததோ அந்த வரலாறு முழுக்க இந்த மூன்று கேள்விகளுக்குள் இருக்கிறது. பயண ஏற்பாடு பற்றி எழுதும் புத்தகங்கள் என்ன சட்டை, என்ன செருப்பு, எத்தனை கிலோ என்று தொடங்குகின்றன. நான் அம்மாவின் கேள்விகளிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

1

அம்மாவின் தாத்தா 1937ல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவர். ஆயா அப்போது கைக்குழந்தை. "கங்காணி வந்து கூப்புட்டான், போனாரு" என்பதற்கு மேல் எங்கள் குடும்பத்தில் அதுபற்றிக் கதை இல்லை. இரண்டு கடுதாசி வந்ததாம். அப்புறம் சப்பான்காரன் சண்டை வந்ததாம். அதோடு சரி.

அவர் தன் பயணத்துக்கு என்ன ஏற்பாடு செய்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். மலேயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஆள் எடுத்ததெல்லாம் கங்காணிதான். தோட்டத்திலேயே வேலை செய்கிற ஒருவன் லைசென்சோடு தன் சொந்தப் பக்கத்துக்கு வந்து ஆள் சேர்ப்பான். சேர்த்த ஆட்களைக் கிராம முன்சீப்பிடம் காட்டிக் கையெழுத்து வாங்குவான். நாகப்பட்டினத்திலோ ஆவடியிலோ இருந்த டிப்போவில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். அங்கே அம்மை குத்துவார்கள், உடம்பைச் சோதிப்பார்கள். டிக்கெட்டுப் பணத்தை அவர்கள் கொடுப்பதில்லை. 1907ல் மலேயாவில் தோட்ட முதலாளிகளிடம் வசூல் செய்து ஏற்படுத்திய குடியேற்ற நிதி கொடுத்தது. கப்பலில் அவர்களுக்கு அறை கிடையாது, மேல்தட்டுதான். 1926ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல் ஒரே நடையில் ஐயாயிரம் டெக் பயணிகள் வரைக்கும் ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. பினாங்கில் இறங்கினால் நேராகத் தோட்டத்துக்கும் போக முடியாது. பக்கத்தில் ஜெரெஜாக் தீவில் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்துத்தான் வெளியே விட்டார்கள்.

இலங்கைக்குப் போனவர்களின் கதையும் இதேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தகரச் சீட்டு முறை வந்தது. தோட்டத்தின் எண் அடித்த ஒரு தகரத் துண்டைக் கழுத்தில் கட்டிவிடுவார்கள். அந்தத் தகரத்தைக் காட்டினால் வழி நெடுகப் போகலாம், செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். எந்தத் துரைக்குச் சேர வேண்டிய ஆள் என்பது கழுத்தில் தொங்கும். அந்த ஆளின் பெயர் அதில் இருக்காது.

ஆக நம் பாட்டன் பூட்டன்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏற்பாடு இல்லாமல் இல்லை. அடிமுதல் நுனிவரை ஏற்பாடுதான். தேதி, கப்பல், ஊசி, சோறு, கம்பளி எல்லாமே ஏற்பாடு. அதில் ஒன்றைக்கூட அவர்கள் தீர்மானிக்கவில்லை. கொடுத்ததில் பல கடன் கணக்கில் ஏறியது என்பதை மட்டும் பின்னால் தெரிந்துகொண்டார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர்களை வெறும் மந்தையாகப் பார்க்கிற பார்வை எனக்கு உடன்பாடில்லை. தஞ்சாவூர் மிராசுதார்கள், பண்ணையாள் எல்லாம் கப்பல் ஏறிப் போகிறான், அறுப்புக்கு ஆள் இல்லை என்று அந்தக் காலத்தில் சர்க்காரிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். பண்ணைக் கடனில் பிறந்து பண்ணைக் கடனில் சாகிறவனுக்கு நாகப்பட்டினம் துறைமுகம் ஒரு திறந்த கதவாகத் தெரிந்திருக்கிறது. கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று பௌதாயன தர்மசூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. 1888ல் லண்டன் கிளம்பிய காந்தியை அவருடைய சாதிப் பஞ்சாயத்து விலக்கி வைத்தது. கெடுவதற்குச் சாதி வைத்திருந்தவர்களின் பயம் அது. நம்மவர்கள் பத்தாயிரம் லட்சம் என்று கடல் தாண்டினார்கள். ஆனால் சாதி அவர்களுக்கு முன்னாலேயே போய் அங்கே காத்திருந்தது. கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரனாக இருந்தான். லயங்களும் சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன.

பெண்கள் இந்தக் கணக்கில் எப்படி வந்தார்கள்? நேட்டால், பீஜி, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன ஒப்பந்தக் கப்பல்களில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற்ற வேண்டும் என்று விதி இருந்தது. அந்த எண்ணிக்கை நிரம்பாவிட்டால் கப்பல் தாமதமாகும். அதனால் பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். தனியாகக் கிளம்பிய பெண்களும் அதில் இருந்தார்கள். கணவனை இழந்தவர்கள், அடி தாங்காமல் ஓடி வந்தவர்கள். டிப்போ ரிஜிஸ்தரில் அவர்கள் விகிதாச்சாரக் கணக்கை நிரப்பும் எண்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. 1922ன் குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பதிலாக 1983ல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி பாஸ்போர்ட் இரண்டு வகையானது. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட வேறு சில நாடுகளுக்கும் வேலைக்குப் போக வேண்டுமானால் தனியாக அனுமதி முத்திரை வாங்க வேண்டும். முப்பது வயதுக்குக் குறைந்த பெண் அந்தப் பாஸ்போர்ட்டோடு வீட்டு வேலைக்குப் போக முடியாது. ஏஜெண்டுகளிடம் ஏமாறாமல் பாதுகாக்கத்தான் இது என்றார்கள். பாதுகாப்பு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடம் யாருக்கு எட்டாமல் போனதோ அவர்களின் பாஸ்போர்ட்டில்தான் அந்த முத்திரை விழும் என்பதையும் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் அவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் தனி அட்டையே போடப்போவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் அந்த மாதமே கைவிட்டது. கழுத்தில் கட்டிய தகரத்துக்கும் அந்த ஆரஞ்சு அட்டைக்கும் நடுவில் நூறு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலம் இருக்கிறது.

என் மாமா 1994ல் சவுதிக்குப் போனார். அவர் பாஸ்போர்ட்டை ஊரில் இருந்த நாட்களில் மட்டுமே தன் கையில் வைத்திருந்தார். அங்கே போனதும் அது முதலாளியின் பீரோவுக்குப் போய்விட்டது. அம்மாவுக்குத் தெரிந்த வெளிநாடு இது. "யாரு கூட்டிட்டுப் போறா?" என்று கேட்காமல் வேறு என்ன கேட்பாள்?

என் பாஸ்போர்ட்டை இரண்டு நகல் எடுத்து, ஒன்றைப் பையின் அடியிலும் ஒன்றை அம்மாவிடமும் கொடுத்திருக்கிறேன். அசலை உடம்போடு வைத்துக்கொள்ளத் துணியில் ஒரு இடுப்புப் பை தைத்துக்கொண்டேன். அது யார் பீரோவிலும் இருக்கப் போவதில்லை. என் தயாரிப்பில் நான் செய்த முதல் காரியம் இதுதான்.

2

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். யார் உள்ளே விடுவது?

பயணத்துக்கு நன்றாகத் தயாராகிக் கிளம்பிய ஒரு தலித் குழந்தையின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். 1901ல் பீமராவ், அண்ணன், அக்கா மகன் என்று சிறுவர்கள் சேர்ந்து அப்பா வேலை பார்த்த கோரேகானுக்குக் கிளம்பினார்கள். புதுச் சட்டை, மின்னும் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. கூடை நிறையச் சோறு. மசூர் ஸ்டேஷனில் இறங்கினார்கள். கூட்டிப் போக யாரும் வரவில்லை. பிள்ளைகள் மகர்கள் என்று தெரிந்ததும் ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் மாறியது. வண்டிக்காரன் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டும் வண்டியில் உட்கார மாட்டேன் என்றான். பிள்ளைகளே வண்டியை ஓட்ட, அவன் கூடவே நடந்து வந்தான். வழியில் யாரும் தண்ணீர் தரவில்லை. கூடையில் சோறு இருந்தும், தண்ணீர் இல்லாததால் சாப்பிடாமல் படுத்தார்கள்.

அம்பேத்கர் இதை எழுதிய நினைவுக் குறிப்புக்குத் தலைப்பு 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்'. 1990ல் பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி அதைச் சிறு நூலாக வெளியிட்டது. உள்நாட்டுக்குள் நடந்த பயணங்களைப் பற்றிய குறிப்புக்கு அவர் விசா என்று ஏன் பெயர் வைத்தார் என்று மாணவியாக இருந்தபோது எனக்குப் புரியவில்லை. விசாப் படிவம் நிரப்ப உட்கார்ந்தபோதுதான் புரிந்தது. என் நாட்டுக்குள் நீ வரலாமா கூடாதா என்று இன்னொருவன் தீர்மானிப்பதுதான் விசா. அந்தத் தீர்மானத்தை நமக்கு ஒவ்வொரு கிணற்றடியிலும், ஒவ்வொரு டீக்கடையிலும், ஒவ்வொரு திண்ணையிலும் எடுத்தார்கள்.

அதே நூலில் இன்னொரு பயணம் வருகிறது. 1913ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் போன அம்பேத்கர், அங்கே கொலம்பியாவிலும் பிறகு லண்டனிலும் படித்துவிட்டு 1917ல் பரோடாவில் வேலைக்கு வருகிறார். ஐந்து வருடம் வெளிநாட்டில் இருந்ததில், தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே தனக்கு மறந்துபோயிருந்தது என்கிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் கொடுத்துத் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. அன்று ரயில் வரும் வரை ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்குத் திரும்புகிறார். நியூயார்க்கில் கிடைத்த அறை பரோடாவில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கு இதே கேள்வி இருந்தது. நியூயார்க் ஹார்லெமில் வாழ்ந்த தபால்காரர் விக்டர் ஹ்யூகோ கிரீன் 1936ல் ஒரு கையேடு வெளியிட்டார். கறுப்பர்கள் காரில் போனால் எந்த ஓட்டலில் அறை கொடுப்பார்கள், எந்த வீட்டில் படுக்க இடம் கிடைக்கும், எங்கே சாப்பிடலாம், எந்தக் கடையில் முடி திருத்துவார்கள், எந்தப் பட்டறையில் வண்டியைப் பழுது பார்ப்பார்கள் என்று ஊர்வாரியாகப் பட்டியல். முதலில் நியூயார்க் வட்டாரத்துக்கு மட்டும் வந்தது, பிறகு நாடு முழுக்க விரிந்தது, பிற்காலத்தில் வெளிநாட்டு ஊர்களும் சேர்ந்தன. 1964ல் சிவில் உரிமைச் சட்டம் வந்து பொது விடுதிகளில் நிறப் பாகுபாடு சட்டவிரோதமானது. இரண்டு மூன்று வருடத்தில் அந்தக் கையேடும் நின்றது. இந்தக் கையேடு தேவைப்படாத ஒரு நாள் வரும் என்று அதன் பக்கங்களிலேயே முன்பு எழுதியிருந்தார்கள்.

நமக்கு அப்படி ஒரு அச்சுப் புத்தகம் இருந்ததில்லை. வாய்வழியாக இருந்தது. எந்த ஊரில் எந்தக் கடையில் தனிக் குவளை, எந்தத் தெரு வழியே சைக்கிளில் ஏறிப் போகலாம், எங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று என் அப்பாவுக்கு எங்கள் சுற்றுவட்டாரமே மனப்பாடம். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பூகோளம் அது.

என் தலைமுறைக்குக் கேள்வி வேறு உருவத்தில் வருகிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு கருத்தரங்குக்காக வேறு ஒரு நகரத்துக்குப் போய், ஒரு மாதம் தங்க வீடு தேடினேன். வீட்டுக்கார அம்மா அன்பாகத்தான் பேசினார். காபி கொடுத்தார். "நீங்க சைவமா?" என்றார். "எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம்?" என்றார். மறுநாள் போன் செய்தபோது வீடு வேறு ஒருவருக்கு முடிந்துவிட்டது. காபி டம்ளரை அவர் என்ன செய்தாரோ, நான் பார்க்கவில்லை.

வெளிநாட்டில் தங்க நான் நம்பியிருப்பது மலிவான பயணியர் விடுதிகளை. ஒரே அறையில் ஆறு எட்டுக் கட்டில்கள், பொதுச் சமையலறை, பொதுக் குளியலறை. 1909ல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மன் பள்ளி ஆசிரியருக்கு இந்த யோசனை வந்தது. மாணவர்களோடு நடைப்பயணம் போனவர், மழையில் ஒதுங்க ஒரு இடம் தேடி அலைந்தபோது வந்த யோசனை. 1912ல் ஆல்டெனா கோட்டையில் முதல் விடுதி நிலையாகத் திறந்தது. இன்று அந்த மாதிரி விடுதிகள் உலகம் முழுக்க இருக்கின்றன. ஒரு விடுதிக்கு இணையத்தில் பணம் கட்டினேன். பெயர், பாஸ்போர்ட் எண், எத்தனை இரவு. அவ்வளவுதான் கேட்டார்கள். மேல் கட்டிலா கீழ்க் கட்டிலா என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் எட்டுப் பேர் ஒரே அறையில் தூங்கி, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் பத்து வினாடியில் அனுமதி கிடைத்துவிட்டது. நான் அந்தத் திரையை மூடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொல்லி, வெளிநாடென்றால் சொர்க்கம் என்று நான் காட்ட வரவில்லை. நிறம் பார்ப்பார்கள், பெண் தனியாக வந்தால் வேறு மாதிரியும் பார்ப்பார்கள். அதே விடுதியில் நம் நாட்டுக்காரர் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இருந்தால் முழுப்பெயர் என்ன என்று கேட்பார். பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டை நீக்கிக் காட்டியது தமிழ்நாட்டின் சாதனை. பாஸ்போர்ட் படிவத்திலோ குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதைக் காலியாக விட்டால் சில நாடுகள் சிக்கல் செய்கின்றன. 2022 நவம்பரில் அமீரகம் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டில் வரும் சுற்றுலாப் பயணிகளை விடமாட்டோம் என்றது. நான் அந்தக் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். பண்ணையில் வேலை பார்த்த காலத்தில் அரைப்பெயராகவும் 'டேய்' ஆகவும் மட்டும் கூப்பிடப்பட்டவர் அவர். இப்போது ஒவ்வொரு நாட்டுக் குடியேற்ற அதிகாரியும் அவர் பெயரை முழுசாகச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட வேண்டும்.

முகவரிதான் இடித்தது. விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் தாளைப் பார்த்துவிட்டு, "தெற்குத் தெருன்னு போட்டிருக்கு. ஊர்த் தெருவா, காலனியா?" என்று கேட்டார். காலனி என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டார். காலனி என்ற சொல்லை அரசுப் பதிவுகளிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லதுதான். கேள்வி கேட்பவர்களின் நாக்கிலிருந்து எப்போது நீங்கும் என்பதற்கு எந்த அரசாணையிலும் தேதி போட முடியாது.

தண்ணீர்ப் பாட்டில் ஒன்று, வடிகட்டி பொருத்தியது, வாங்கியிருக்கிறேன். எந்த ஆற்றுத் தண்ணீரையும் பிடித்துக் குடிக்கலாம் என்கிறார்கள். வயிற்றுப் போக்குக்கு உப்புச் சர்க்கரைப் பொட்டலம், டைபாய்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, பெட்டகத்துக்கு ஒரு சின்னப் பூட்டு, மாதவிடாய்க்குக் குப்பி. இதெல்லாம் எல்லாப் பயணிகளுக்கும் பொதுவான லிஸ்ட். தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் செருகும்போது மட்டும் கொஞ்சம் கை நின்றது. மசூர் ஸ்டேஷன் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

3

மூன்றாவது கேள்வியை அம்மா மட்டும் கேட்கவில்லை. இயக்கத் தோழர் ஒருவரும் கேட்டார். ஒன்பது வருடம் பகுதி நேரமாகப் பாடம் நடத்திச் சேர்த்த பணம் இது. "இங்க இத்தனை வேலை கெடக்கு தோழர். முதுகுல பையை மாட்டிக்கிட்டு ஊர் சுத்துறது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு. நமக்கு இது தேவையா?" என்றார். பிறகு அவரே வழியும் காட்டினார். "காஞ்சனபுரி போறீங்கல்ல? சயாம் மரண ரயில் பத்தி எழுதுங்க. அப்படின்னா இதுல அர்த்தம் இருக்கு."

காஞ்சனபுரிக்குப் போவேன். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபருக்குள் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதையை ஜப்பான் ராணுவம் போட்டது. கைதியான நேச நாட்டு வீரர்கள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டார்கள். அவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம் ஆசியக் கூலிகள். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் பெருந்தொகை. செத்த ஆசியர்கள் தொண்ணூறாயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய ஏழாயிரம் வீரர்கள் வரிசை வரிசையாகக் கிடக்கிறார்கள். தோட்டக் கூலிகளுக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. அம்மாவின் தாத்தா அந்தப் பாதையில் செத்தாரா, தோட்டத்திலேயே செத்தாரா என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. அங்கே ஒரு நாள் நிற்பேன். எழுதவும் செய்வேன்.

ஆனால் தோழரின் அந்த 'அப்படின்னா' எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. துக்கம் விசாரிக்கப் போனால்தான் என் பயணத்துக்கு அர்த்தமா? நம்மவர்கள் வெளிநாடு போன வழிகளை எண்ணிப் பாருங்கள். கூலியாகப் போனார்கள். உதவித்தொகை கிடைத்துப் படிக்கப் போனார்கள். முறையிடப் போனார்கள். இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் 1930ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார்கள். 1995ல் பெய்ஜிங் பெண்கள் மாநாட்டுக்கு ரூத் மனோரமா உள்ளிட்ட தலித் பெண்கள் போனார்கள். 2001ல் டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதியையும் பேசு என்று கேட்கப் பெருங்கூட்டமாகப் போனார்கள். ஒவ்வொன்றும் நமக்குப் பெருமை. உழைக்க, படிக்க, காயத்தைக் காட்ட என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் கையில் இருந்தது. சும்மா பார்த்துவிட்டு வரப் போனவர்கள் என்று யாரை எண்ணுவது?

பார்க்கிற வேலையை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகப் பையோடு இளைஞர்கள் இந்தியா வந்தார்கள். அப்படி 1972ல் லண்டனிலிருந்து ஆஸ்திரேலியா வரை போன வீலர் தம்பதி 1973ல் எழுதிய சிறு புத்தகத்திலிருந்துதான் லோன்லி பிளானட் என்ற பதிப்பகமே பிறந்தது. அவர்கள் நம்மையும் பார்த்தார்கள். நம் தெருவில் நின்று படம் எடுத்தார்கள். சின்ன வயதில் மகாபலிபுரம் சுற்றுலாவில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்தேன். பெரிய பையைச் சாய்த்து வைத்துவிட்டு, மணலில் உட்கார்ந்து, எதுவும் செய்யாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதுவும் செய்யாமல் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் தெருவில் பெண்கள் உட்கார்ந்தால் கையில் புளியோ கீரையோ இருக்கும்.

தோழர் சொன்ன 'ஊர் சுத்துறது' என்ற சொல்லையும் நான் விட்டுவிடவில்லை. தமிழில் அது வசைச்சொல். பெண்ணுக்குச் சொன்னால் இன்னும் மோசம். ஆனால் ஊர் என்ற சொல்லுக்கு நம் வாயில் ஒரு தனி அர்த்தம் இருக்கிறது. ஊர் என்றால் அவர்கள் இருக்கும் பக்கம். நாம் இருப்பது சேரி. நாம் ஊரைச் சுற்றித்தான் போனோம், ஊருக்குள் போனதில்லை. பிணத்தைக்கூட வயல் வழியாகச் சுற்றித்தான் தூக்கிப் போனோம்.

அதனால்தான் நம் வரலாற்றில் வெறுமனே ஒரு தெருவில் போவது போராட்டமாக இருந்திருக்கிறது. 1893ல் திருவிதாங்கூரில் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, புலையர்களுக்கு விலக்கப்பட்ட பொதுச் சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அந்த வண்டியில் சுமை எதுவும் இல்லை. எங்கும் வேலைக்கும் போகவில்லை. சாலையில் போக வேண்டும் என்பதற்காகவே போனார். இரட்டைமலை சீனிவாசன் 1900ல் லண்டன் போகக் கிளம்பி, இடையில் ஆப்பிரிக்காவில் தங்கிவிட்டவர். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து, ஏறக்குறைய இருபது வருடம் கழித்துத் திரும்பினார். திரும்பி வந்தவர் 1924ல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் என்ன? பொதுத் தெரு, பொதுக் கிணறு, பொது இடம் எதிலும் தாழ்த்தப்பட்ட வகுப்பார் போகவும் புழங்கவும் தடை இருக்கக் கூடாது என்பது. கடல் தாண்டி உலகத்தைப் பார்த்துவிட்டு வந்த ஒரு மனிதர் உள்ளூர்த் தெருவில் நடக்கும் உரிமையைக் கேட்டார். அந்த இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை.

சட்டத்திலும் இது ஒரு உரிமைதான். அதற்கு முன்பு பாஸ்போர்ட் என்பது சர்க்கார் மனம் வைத்தால் கொடுப்பது. 1967ல் சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றது. அதே வருடம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. 1978ல் மேனகா காந்தி வழக்கில் அந்த உரிமை இன்னும் உறுதியானது. அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு அது. 'உயிர் வாழ்வும் தனிமனித சுதந்திரமும்' என்று இருக்கும் அந்தப் பிரிவை நாம் பெரும்பாலும் உயிருக்காக மட்டுமே நீதிமன்றத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். நம் நிலைமை அப்படி. சுதந்திரம் என்கிற மற்ற பாதியும் நமக்கு எழுதப்பட்டதுதான்.

தோழருக்கு நான் சொன்ன பதில் இதுதான். இங்கே வேலை கிடக்கிறது, திரும்பி வந்து செய்வேன். ஒரு தலித் பெண் நான்கு மாதம் யாருக்கும் வேலை செய்யாமல், யாரிடமும் முறையிடாமல், ஆற்றையும் மலையையும் மனுசரையும் பார்த்துவிட்டு வருவதை வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்தால், ஓய்வும் வேடிக்கையும் அவர்களுக்கே சொந்தம் என்று நாமே எழுதிக் கொடுத்ததாகிவிடும். தோழர் சிரித்தார். முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. "வந்து சொல்லுங்க" என்றார்.

விசாப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. பயணத்தின் நோக்கம் என்ன? வேலை, படிப்பு, மாநாடு, உறவினரைப் பார்த்தல், சுற்றுலா. முதல் நான்குக்கும் நேரே நம்மவர்கள் போட்ட டிக் அடையாளங்கள் எனக்குத் தெரிந்தன. நான் ஐந்தாவதில் போட்டேன்.

நேற்று சாயங்காலம் சாமானெல்லாம் அடுக்கி எடை போட்டேன். ஏழு கிலோவுக்குள் வந்துவிட்டது. மலிவு விமானத்தில் கையோடு கொண்டுபோக அவ்வளவுதான் விடுவார்கள். சுமை பழகட்டும் என்று பையை முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்தேன். காலனி முடிந்து வாய்க்கால் பாலம் தாண்டி, ஊர்த் தெரு வழியாக, கோயில் வரை போய்த் திரும்பினேன். திண்ணையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் மட்டும், "எங்க கெளம்பிட்ட?" என்றார்.

"ஊர் சுத்தத்தான்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பையை வாங்கித் தன் தோளில் மாட்டிப் பார்த்தாள். இரண்டு பட்டையையும் இழுத்துச் சரிசெய்துவிட்டேன். நடுவீட்டில் நாலு எட்டு நடந்தாள். நெல்லு மூட்டை, விறகுக் கட்டு, செங்கல் என்று அந்த முதுகு சுமக்காதது இல்லை.

"இது கனமாவே இல்லியே பாப்பா" என்றாள். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அடுத்த தடவ கிட்டத்துல எங்கயாச்சும் போனா சொல்லு. நானும் வந்து பாக்குறேன்" என்றாள்.